நெகட்டிவ் வந்த பிறகும் தேறாதவர்கள்: அயலகத் தமிழர் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அயலகத் தமிழர் நல வாரியத்தாருக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். குவைத்தில் அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்குள் 9 வருடம் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே கொரோனா வந்து, அது போன பிறகும் மனம் தேறாமல் கிடந்தவன். எங்கள் பக்கம் 'அமெரிக்கன் கேம்ப்' என்று சொன்னால் போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது போயிருப்பார். அரிஃப்ஜான், பியூரிங், அலி அல் சலேம் என்று அங்கே அவர்களுக்குப் பல தளங்கள். நான் எதில் இருந்தேன் என்பது வேண்டாம். என்னோடு நின்றவர்கள் சிலர் இன்னும் அதே கவுன்டரில் நிற்கிறார்கள்.

"மிலிட்டரியிலயா இருந்தீங்க?" என்று கேட்பவர்களிடம், "ஆமா, மிலிட்டரிக்காரன் காலுறையை எண்ணினேன்" என்பேன். சிரிப்பார்கள். வேலை உண்மையில் அதுதான். சிப்பாய் ஒரு பையில் அழுக்குத் துணியைக் கொண்டுவருவார். ஒரு பைக்கு 20 உருப்படி. அவர் கண் முன்னால் பையைக் கவிழ்த்து, சட்டை இத்தனை, கால்சட்டை இத்தனை, காலுறை இத்தனை ஜோடி என்று எண்ணிச் சீட்டில் குறித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது ஒற்றைக் காலுறை குறைந்தாலும் புகார்தான். 12 மணி நேர ஷிப்டில் நூற்றைம்பது பைக்குக் குறையாது. அந்த 9 வருடத்தில் என் மேல் வந்த புகார் மொத்தம் நான்கு. அதிலும் இரண்டு, சிப்பாயே தன் அறையில் மறந்து வைத்துவிட்டு வந்து கத்தியது.

துணி எண்ணுகிற கதை எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு நோய் வந்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்ததே அந்த எண்ணிக்கையில்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் குவைத் விமானங்களை நிறுத்தியது. ஏப்ரல் முதல் வாரத்தில் மஹ்பூலாவையும் ஜிலீபையும் சுற்றி அடைத்தார்கள். இரண்டும் வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் பகுதிகள். எங்கள் கம்பெனியின் தங்குமிடம் மஹ்பூலாவில். அடைப்பதற்குச் சில நாள் முன்னால், எங்களில் பாதிப் பேரை ஆளுக்கொரு பையோடு கேம்ப்புக்குள்ளேயே கொண்டுபோய்க் கூடாரத்தில் தங்க வைத்தார்கள். சலவை நிற்கக் கூடாதே. சில வாரம் என்றார்கள். நான் அந்த முள்வேலியைத் தாண்டி வெளியே வந்தது நவம்பரில்.

ஜூன் மாதம் காய்ச்சல் வந்தது. கன்டெய்னர் அறை ஒன்றில் 14 நாள் தனியே போட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசலில் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கதவைத் திறக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்துக் கன்டெய்னரில் மட்டக்களப்புத் தம்பி ஒருவன் இருந்தான். டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவுகிறவன். இரண்டு பேருக்கும் பேசத் தெம்பில்லாததால் தகரச் சுவரில் தட்டிக்கொள்வோம். அவன் இரண்டு தட்டுவான், நான் இரண்டு தட்டுவேன். இருக்கிறேன் என்று அர்த்தம். ஐந்தாம் நாள் இரவு நான் தட்டினேன், பதில் இல்லை. விடிய விடியத் தட்டினேன். அவனை முந்தின மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டான், இப்போது கத்தாரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். ஆனாலும் ராத்திரி வீட்டு ஓட்டின் மேல் தேங்காய் மட்டை விழுந்தால்கூட இன்றைக்கும் என் கை தானாகச் சுவரைத் தேடுகிறது.

நெகட்டிவ் வந்தது. மறுநாளே கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள்.

முதல் பையைக் கவிழ்த்து எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை வந்தேன். அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. பன்னிரண்டு என்ற சொல் மறந்துபோய்விட்டது என்று நினைக்காதீர்கள். எதை எண்ணுகிறேன், எதற்கு எண்ணுகிறேன் என்பதே நழுவிவிட்டது. எதிரே நின்ற சிப்பாய்க்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். பொறுமையாக நின்றான். மறுபடி எண்ணினேன், மறுபடி பதினொன்று. அவனே எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நான் துணிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். 44 வயதில், காலுறைக்காக. மூக்கில் மணம் போயிருந்ததால் சோப்பு வாசனைகூட இல்லை. ஏதோ யாருமில்லாத ஊரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் தூக்கம் போனது. மூன்று மணிக்கு விழித்தால் விடியும் வரை கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போன் பேசவே பயமாக இருந்தது. "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டுமே, அதற்காகவே எடுக்காமல் இருந்தேன். என் மனைவி வேறு என்னவோ நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் அழுதிருக்கிறாள்.

அங்கே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று இங்கே வந்தபின் பலர் கேட்டார்கள். அவர்கள் கேம்ப்பில் வேலை பார்த்ததில்லை. தளத்துக்குள் நுழையக் கழுத்தில் பேட்ஜ் வேண்டும். பேட்ஜுக்கு மருத்துவத் தகுதி வேண்டும், அந்தத் தகுதியில் மனநலமும் சேர்த்தி. 'தூங்க முடியவில்லை, அழுகை வருகிறது' என்று சூப்பர்வைசரிடம் சொன்ன ஒருவரை ஒரே வாரத்தில் ஊருக்கு ஏற்றி அனுப்பியதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எனக்கு மாதம் 140 தினார். ஏஜென்டுக்குக் கொடுத்தது 1,20,000 ரூபாய். அவர் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்பதும், அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் வேலைக்கு எடுப்பதற்கென்று தொழிலாளியிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்று அவர்கள் விதியே இருக்கிறது என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அந்தக் கடனும் அதன் பிறகு வந்த வீட்டுக் கடனும் தலைக்கு மேல் இருக்கும்போது வாயைத் திறப்பேனா?

நவம்பரில், கொரோனாவால் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் சென்னை வந்தேன். விமான நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ், போகலாம்.

போகும்போது நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காம்கா என்று நாங்கள் சொல்லும் வளைகுடா விசா மெடிக்கலில் மார்பைப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, சிறுநீர் எடுத்து, கண்ணைப் பார்த்து, ஒரு பழைய காசத் தழும்பு தெரிந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொருள் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும். அதே ஆள் 9 வருடம் கழித்துத் திரும்பி வரும்போது பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஊரில் அடுத்த எட்டு மாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "வெளிநாட்டுப் பணம் நின்னுபோச்சுல்ல, அந்த ஏக்கம்" என்றார் மாமனார். "காத்து கருப்பு அண்டியிருக்கும்" என்று அத்தை மந்திரிக்கக் கூட்டிப்போனார். தாயத்து இன்னும் அரைஞாணில் இருக்கிறது, கழற்றினால் அத்தை வருத்தப்படுவார். என்னைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியர். ஊசி போட்டுவிட்டு, "அண்ணே, எப்ப கடைசியா நல்லாத் தூங்குனீங்க?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே டாக்டரம்மா ஒன்பது கேள்வி கேட்டார். கடந்த 2 வாரத்தில் எந்த வேலையிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் நிற்கிறதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நான் வாங்கியது 19. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இங்கே வாங்கினேன் என்று பிறகு என் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்குப் பேரு மனச்சோர்வு. சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு நோய். மாத்திரை இருக்கு" என்றார். மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்பதையும் சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பத்தாவது நாளே நிறுத்தியிருப்பேன். ஐந்தாறு மாதத்தில் தேறினேன். கொல்லையில் தேங்காய் எண்ணும்போது ஒருநாள் நூற்று நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைத் திடீரென்று கவனித்தேன்.

என் மகள் நர்சிங் படித்தவள். 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைப் படித்துக் காட்டினாள். கொரோனா வந்த 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை, பெரும்பாலும் அமெரிக்கர்களுடையவை, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 6 மாதத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு நரம்பு சார்ந்த அல்லது மனம் சார்ந்த கோளாறு ஏதாவது ஒன்று பதிவாகியிருந்ததாம். ஆக, பதினொன்றோடு நின்றவன் நான் ஒருவன் மட்டுமில்லை. ஆனால் அந்தப் பதிவுகள் எல்லாம் டாக்டரிடம் போக முடிந்தவர்களுடையவை. எங்கள் கூடாரத்தில் இருந்த 16 பேரில் ஒருவர் பேரும் எந்தப் பதிவிலும் இருக்காது.

இனி ஒரு கப்பலைப் பற்றி. அதே 2020 மார்ச்சில், தியோடர் ரூஸ்வெல்ட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா பரவியது. வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்த கப்பல். ஏறக்குறைய 4,800 பேர் இருந்ததில் 1,271 பேருக்குத் தொற்று உறுதியானது, ஒருவர் இறந்தார். கப்பலின் தலைவர் பிரெட் குரோசியர் மார்ச் 30 அன்று மேலிடத்துக்கு நான்கு பக்க மடல் எழுதினார். நாம் இப்போது போரில் இல்லை, மாலுமிகள் சாக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். மடல் பத்திரிகைக்கு வந்துவிட்டது. மாலுமிகளைக் குவாம் தீவில் இறக்கி ஹோட்டல் அறைகளில் தங்க வைத்தார்கள். குரோசியரை ஏப்ரல் 2ஆம் தேதி பதவியிலிருந்து நீக்கினார்கள். (திறந்த மடல் எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. எனக்குப் பதவி ஏதும் இல்லை என்பது ஒரு நிம்மதி.)

அந்த மாலுமிகள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவர்களும் என் மகன் வயதுப் பிள்ளைகள். அவர்களுக்காக மடல் எழுத ஒரு தலைவர் இருந்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதே ராணுவத்துக்குச் சமைத்துப் போட்டு, கக்கூஸ் கழுவி, துணி துவைத்தவர்களை அவர்கள் கணக்கேட்டில் 'மூன்றாம் நாட்டவர்' என்று ஒரு வரிசையில் போடுவார்கள். அமெரிக்கரும் இல்லை, அந்த நாட்டுக்காரரும் இல்லை, அதனால் மூன்றாமவர். கேம்ப்பில் எங்களைக் கூப்பிடுவதே அதன் ஆங்கிலச் சுருக்கமான 'டி.சி.என்' என்றுதான். மேற்காசியத் தளங்களில் இப்படி எத்தனை பேர் என்று அவர்கள் பாதுகாப்புத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட்டு வந்தது. எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்ற பிரிவு அதில் கிடையாது.

அந்தக் குவாம் தீவுக்கும் எனக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அதுதான் இந்த மடலின் முக்கியமான செய்தி.

அமெரிக்காவில் 1941இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெயர் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட். வெளிநாட்டில் உள்ள அமெரிக்கப் படைத்தளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற யாராக இருந்தாலும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், வேலையால் காயமோ நோயோ வந்தால் மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் காப்பீட்டிலிருந்து கிடைக்க வேண்டும். கம்பெனி அந்தக் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும். மன நோயும் இதில் அடங்கும். பிறகு 1951இல் ஒரு வழக்கு. குவாமில் வேலை பார்த்த ஒருவர், வேலை நேரம் முடிந்தபின், கடலில் சிக்கிய இரண்டு பேரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தார். வேலை நேரமில்லையே என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். ஆளைக் கொண்டுபோய் ஆபத்தான இடத்தில் வைத்ததே வேலைதான், அந்த இடத்தின் ஆபத்தும் வேலையோடு சேர்ந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முள்வேலிக்குள் ஏழு மாதம் பூட்டிவைத்த கூடாரத்தில் வந்த நோயைப் பற்றி வாதாட இதைவிட நல்ல ஆரம்பம் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் ஒன்றும் தங்கத் தட்டு இல்லை. அடிபட்டதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மனுவை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். மெதுவாகத் தெரியவரும் தொழில்சார் நோய் என்றால், வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து 2 வருடம். வெளிநாட்டவரின் நிரந்தர ஊனத்துக்கோ இறப்புக்கோ இனி வர வேண்டிய தவணைகளை ஒரே தொகையாக முடிக்க அவர்கள் நினைத்தால், கணக்கிட்ட மதிப்பில் பாதி கொடுத்தால் போதும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மூன்றாம் நாட்டவனுக்கு அரை விலை. சரி, பாதியாவது இருக்கிறதே.

இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு எப்போது தெரியும் என்கிறீர்கள்? 2022இல். சொன்னவர் என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர், போனில், பேச்சுவாக்கில். அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டியும் இருந்தார்கள். குடிநீர் டப்பாக்களுக்குப் பின்னால், ஆங்கிலத்தில். 9 வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தும் அதை ஒருநாளும் படித்ததில்லை. நான் இப்போது மனுப் போட்டிருக்கிறேன். அது நடந்துகொண்டிருப்பதால் மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

இனி உங்களிடம் வருகிறேன்.

உங்கள் துறையின் பெயரிலேயே 'மறுவாழ்வு' இருக்கிறது. அது முதலில் யாருக்காக வந்த சொல் என்பது தெரியும். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வீடும் நிலமும் கொடுத்த துறை உங்களுடையது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் பெட்டியோடு, செண்ட் பாட்டிலோடு வருகிறான். பார்த்தால் மறுவாழ்வு தேவைப்படுகிற ஆள் மாதிரித் தெரியாது.

2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தபோது இந்தியர்கள் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். விமானப்படை விமானம் போய் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது, நம் அமைச்சரும் அங்கே போய் நின்றார். செய்ய வேண்டியதைச் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. அந்தக் கட்டடத்திலிருந்து உயிரோடு இறங்கி வந்தவர்களுக்கு இப்போது தூக்கம் வருகிறதா என்று யாராவது போன் போட்டுக் கேட்டோமா? இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. படைத்தளத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். முகவர்கள் கொடுக்க மாட்டார்கள், நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பத்தாவது தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால் ஒன்றிய அரசின் அந்தப் பதிவேட்டில் அவர்கள் வருவதே இல்லை. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்களில் பலர் துபாய்க்கு விசிட் விசாவில் போய் அங்கிருந்து ஏற்றப்பட்டவர்கள். ஆகவே டெல்லியின் பட்டியலை நம்பிப் பயனில்லை. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, அரியலூர், ராமநாதபுரம் என்று ஊர் ஊராகக் கேட்டாலே ஆள் கிடைப்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வீட்டு எண்ணோடு சொல்வார்.

திரும்பி வந்து உங்களிடம் பதிகிறவர்களிடம் அந்த ஒன்பது கேள்விகளைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. மதிப்பெண் கூடினால் மாவட்ட மனநலத் திட்டத்துக்குச் சீட்டு எழுதுங்கள். அந்தத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மாத்திரை இலவசம்.

உங்களிடம் 24 மணி நேர உதவி எண் ஒன்றும் உண்டு. 'சம்பளம் வரவில்லை' என்று ஒருவன் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியும். 'தூக்கம் வரவில்லை' என்று கூப்பிட்டால்? உள்நாட்டில் இருப்பவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அயல்நாட்டில் இருப்பவன் வாட்ஸ்அப்பிலேயே பேசுகிற மாதிரி ஒரு வழி வேண்டும். கூடாரத்தில் 16 பேர் நடுவில் வாய்விட்டுப் பேச முடியாது. தட்டச்சு செய்யத்தான் முடியும். அவன் பேசியது கம்பெனி காதுக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும், எழுத்தில். பேட்ஜ் பயம் இருக்கும் வரை யாரும் முதல் வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

மனைவிமாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "எடுக்காத போனை நாப்பது தடவ அடிச்சவ நான், எனக்கு யாரு மாத்திரை குடுப்பா?" என்று என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டுக் கேட்கிறாள்.

அந்த ஒரு பக்கத் தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். சட்டத்தின் பெயர், கெடு நாட்கள், மனுப் படிவத்தின் எண் எல்.எஸ். 203, என்ன தேதிகளைக் குறித்து வைக்க வேண்டும், 14416. தஞ்சாவூரில் நகலெடுத்தேன், நகலுக்கு ஒன்றரை ரூபாய். என் அக்கா மகன் அடுத்த மாதம் 11ஆம் தேதி குவைத் போகிறான், கேம்ப் டைனிங் ஹால் வேலை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி ஒன்று, பெட்டியின் பக்க ஜிப்பில் ஒன்று, மொத்தம் இரண்டு தாள் வைத்து அனுப்புகிறேன். மூலப்படி உங்களுக்குப் பதிவுத் தபாலில் வருகிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சலவைக் கவுன்டர் ஆள்,
பட்டுக்கோட்டை வட்டம்